பத்து நிமிஷம் முன்னால்

பூங்கோதை சமையலறைக் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் கூட்டி வைத்திருந்தாள். அதில் கடிகாரத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

"இந்த வீட்டிலேயே நான்தான் முன்னால் ஓடுகிறேன். என்னால்தான் அவள் ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்கிறாள்" என்று தினமும் குக்கரிடம் சொல்லும்.

குக்கருக்குப் பதில் பேச நேரமில்லை. அதன் முதல் விசிலுக்குள் பூங்கோதை குளித்துவிடுவாள். இரண்டாவதுக்குள் தலை சீவிவிடுவாள். மூன்றாவதில் அடுப்பை அணைப்பாள். கடிகாரத்தைப் பார்த்தால் மட்டும், "அது ஃபாஸ்ட்தானே!" என்று இன்னொரு வாய் காபி குடிப்பாள்.

ஒருநாள் கடிகாரத்தின் பேட்டரி தீர்ந்தது. அவள் கவனிக்கவேயில்லை, பஸ்ஸையும் தவறவிடவில்லை.

"நீ நின்று நாலு நாளாச்சு, தெரியுமா?" என்றது குக்கர்.

"பார்த்தாயா!" என்றது கடிகாரம். "நானே இல்லாவிட்டாலும் நேரம் தவறாத அளவுக்கு அவளைப் பழக்கி வைத்திருக்கிறேன்."