நிலாவின் முதுகு

"நிலா தன்னைத்தானே சுற்றுகிறது. ஆனாலும் பூமிக்கு எப்போதும் ஒரே பக்கத்தையே காட்டுகிறது. ஏன்?" தங்கை கேள்வியைப் படித்தாள்.

"சுத்தினா முதுகும் தெரியணும்ல?" என்றாள் அக்கா. நாளை அவளுக்குப் புவி அறிவியல் தேர்வு. போன தடவை இதில்தான் கோட்டைவிட்டாள்.

"படத்துல நிலாவைச் சுத்தி அம்புக்குறி போட்டிருக்குக்கா. அதை அப்படியே மனப்பாடம் பண்ணிடு."

"புரியாம பண்ணினா ஹால்ல மறந்துடும்டி."

தங்கை நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான்தான் பூமி. நீ நிலா. என் பக்கமே முகத்தை வெச்சுக்கிட்டு சுத்தி வா."

"நீ பூமியா? அதான் உலகம் இந்த லட்சணத்துல இருக்கு!"

அக்கா அவள் தலையில் கைவைத்தபடி மெதுவாக நடந்தாள். பாதி வழியில் சட்டென்று நின்றாள்.

"ஃபேனை நகர்த்தினியா?"

"இல்லையே, சுவரோரம் அதே இடத்துலதான் இருக்கு."

"கிளம்பும்போது காத்து முகத்துல அடிச்சுது. அப்புறம் கன்னத்துல. இப்போ முதுகுல அடிக்குது!"

பிறவியிலேயே பார்வையில்லாத அக்காவுக்கு இவ்வளவு நேரமும் தான் படத்தையே விவரித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தங்கைக்கு உறைத்தது.

அக்கா மீதிச் சுற்றையும் முடித்தாள். காற்று மறுபடி முகத்தில் அடித்தது.

"நாளைக்கு உனக்காகப் பரீட்சை எழுத வர்றவங்ககிட்ட என்னக்கா சொல்லுவே?"

"நிலா பூமியை ஒரு தடவை சுத்தி முடிக்கிற அதே நேரத்துல, தானும் ஒரே ஒரு தடவை சுத்திக்குது. அதனாலதான் அதோட முதுகு நமக்குத் தெரியறதே இல்லை."