முளைத்த தட்டு

"தம்பி, தீ வைக்காதே!"

தீப்பந்தத்துடன் நின்ற வன அதிகாரியின் குறுக்கே வந்து நின்றாள், விதை ஆராய்ச்சி செய்யும் அவன் அக்கா.

"இந்த அந்நிய மரத்தை ஒழிக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னதே நீதானே? இப்ப என்ன பாசம்? என் மேலகூட இவ்வளவு காட்டினதில்லையே!"

"பாசமா? இதைப் பாரு."

இரண்டு தட்டுகளை நீட்டினாள். ஒரே மண், ஒரே மரத்தின் விதைகள். ஒன்று வெறும் மண்ணாகவே இருந்தது. மற்றதில் பச்சைப்பசேலென்று நாற்று.

"உரம் போட்டியா?"

"இல்லடா. தண்ணி ரெண்டுக்கும்தான் தெளிச்சேன். இதுல மட்டும் விதையைச் சூடாக்கிப் போட்டேன். சூட்டுல தோல் வெடிச்சாத்தான் இது முளைக்கும். மண்ணுக்குள்ள விதை கொட்டிக் கிடக்கு."

தம்பி பந்தத்தை மணலில் அணைத்தான். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா... மலைக்கு அந்தப் பக்கம் காலையிலேயே கொளுத்திட்டோம்."

அவள் வாய் திறப்பதற்குள், தட்டில் விழுந்தது முதல் மழைத்துளி.