மிஷ்மிஷ் தின்றது

மிஷ்மிஷ் எழுந்து நிற்கப் பார்த்து, கால் மடங்கி மறுபடியும் விழுந்தது.

பூனை காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எதையோ தின்று தொலைத்திருக்கிறது என்று நபவிய்யாவுக்குப் புரிந்துவிட்டது. விஷத்துக்குப் பால்தான் மருந்து என்று கெய்ரோவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கிண்ணத்தில் பாலை ஊற்றி வைத்துக்கொண்டுதான் மிருக டாக்டருக்குப் போன் போட்டாள்.

டாக்டரம்மா பதறிவிட்டார். பாலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று வாயில் உப்பைப் போட்டுவிடாதீர்கள், என்ன தின்றது என்று மட்டும் சொல்லுங்கள் என்றார்.

என் வீட்டில் தின்ன என்ன இருக்கிறது என்றாள் நபவிய்யா. மூன்று மாதமாக அவித்த சுரைக்காயும் உப்பில்லாத பயறும்தான். எதற்கும் அவரையே கேளுங்கள் என்று கணவர் பக்ரியிடம் போனை நீட்டினாள்.

பிள்ளைகள் வெளிநாடு போன பிறகு பக்ரியின் மடியில் ஏறுகிற ஒரே உயிர் அந்தப் பூனைதான். அது என்ன தின்றது என்று அவருக்குத் தெரியும். ஆனால் திருடனைத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

“மிஷ்மிஷ் தின்னது...” என்று இழுத்தார்.

அந்த நேரம் பார்த்துக் கீழே தள்ளுவண்டிக்காரன் ‘மிஷ்மிஷ், மிஷ்மிஷ்’ என்று கூவிக்கொண்டு போனான். ஆப்ரிகாட் பழத்துக்கும் அதே பெயர்தான். நிறத்தைப் பார்த்துப் பூனைக்கு வைத்த பெயர்.

டாக்டரம்மாவின் குரல் தணிந்தது. மிஷ்மிஷ் பழமா, கொட்டையைக் கடித்தால்தான் விஷம், வெறும் சதை என்றால் பயமில்லை, நாளை வரை பாருங்கள் என்றார்.

பக்ரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆமாம் என்று தலையாட்டினார். நபவிய்யா இறைவனுக்கு நன்றி சொல்லிப் பால் கிண்ணத்தை உள்ளே எடுத்துப் போனாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா, என்ன?

மிஷ்மிஷ் தவழ்ந்து வந்து அவர் காலில் முகத்தைத் தேய்த்தது. தூக்கி மடியில் வைத்தார். வெள்ளை அங்கி நனைந்தது. பார்த்தால், சிறுநீர் செம்பருத்தித் தேநீர் நிறத்தில் இருந்தது.

“போனை வெச்சிராதீங்க டாக்டரம்மா,” என்றார் பக்ரி. “பழமில்ல. ஹவாவ்ஷி. முக்குக் கடையில வாங்கினது.”

கொத்துக்கறியும் வெங்காயமும் அடைத்துச் சுட்ட ரொட்டி. வெங்காயம் பூனையின் ரத்தத்தையே அழித்துவிடும், இப்போதே தூக்கிக்கொண்டு வாருங்கள், ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்றார் டாக்டரம்மா. எவ்வளவு தின்றது என்றும் கேட்டார்.

“முந்தாநாள் ஒண்ணுல பாதி. நேத்து இன்னொண்ணுல பாதி.”

நபவிய்யா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பூனையைத் துண்டில் சுற்றிக் கூடையில் வைத்தாள், செருப்பை மாட்டினாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை எடுத்து பக்ரியின் பையில் போட்டாள். மூன்று மாதத்துக்கு முன் அவர் நெஞ்சைப் பிளந்து தைத்திருந்த இடத்தில் அவள் கை கொஞ்ச நேரம் நின்றது.

“மீதி ரெண்டு பாதியும் எங்க போச்சு, ஹாஜி?” என்று கேட்டாள்.