வென்ற வீடு

"சாவியைக் கொடுங்கம்மா. இந்த வாசல் வரைக்கும் வந்து எத்தனை தடவைதான் திரும்பிப் போறது?"

கூடத்துக்குள் வந்து நின்ற கொசிமோ கை நீட்டினார். வழக்கில் ஜெயித்தவருக்கு இருக்க வேண்டிய சிரிப்பு முகத்தில் இல்லை.

பெல்ஜியம் நிலக்கரிச் சுரங்கத்தில் இருமி இருமிச் சேர்த்த பணத்தில், இத்தாலியில், சொந்த ஊரான கலாப்ரியாவின் கடலோரத்தில் அவர் வாங்கிய வீடு அது. விற்றவன் மாஃபியாவின் பினாமி என்று அவருக்குத் தெரியாது. அரசு வீட்டைப் பறிமுதல் செய்து, கணவனிடம் அடிபட்டு ஓடிவரும் பெண்களுக்குக் காப்பகமாக்கிவிட்டது. ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் வரை போய்த்தான், 'நேர்மையாக வாங்கியவரைத் தண்டிக்கக் கூடாது' என்று தீர்ப்பு வாங்க முடிந்தது.

"உங்க நியாயம் புரியுதுங்கய்யா," என்றாள் காப்பகத் தலைவி ரொசால்பா. "ஆனா, வீட்டுக்குப் பதிலாப் பணம் தர்றோம்னு சர்க்கார் சொன்னாங்களே?"

"நான் வாங்கியிருப்பேன். என் பொண்டாட்டி வாடகை வீட்டிலேயே கண்ணை மூடிட்டா. இனி எனக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வீடு? பையன்தான் 'பணம் வேணாம்ப்பா, வீடுதான் வேணும்'னு ஒத்தைக்கால்ல நின்னான். இதோ, வெளிய கார்ல இருக்கான்."

"மத்தவங்களை வேற ஊருக்கு அனுப்பிட்டோம். ஒருத்தி மட்டும் மாடியை விட்டு இறங்க மாட்டேங்கறா. கார் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்திக்கிட்டா."

"யாரு? பேரென்ன?"

"சொல்லக் கூடாதுங்க. இங்க அதுதான் முறை."

கொசிமோவுக்கு நெஞ்சை உறுத்தியது. தனக்குக் கிடைத்த நியாயம் யாரையோ தெருவில் நிறுத்துகிறதே! மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பயப்படாம வா தாயி! நானும் வீடில்லாமத் தவிச்சவன்தான். வேற இடம் கிடைக்கிற வரைக்கும் நீ இங்கேயே இரு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

 மாடியில் தாழ்ப்பாள் விலகியது.

நெற்றியில் தையல் தழும்போடு படியிறங்கி வந்தாள் மிக்கேலா. எவனோடோ ஜெர்மனிக்கு ஓடிவிட்டாள் என்று மகன் சொல்லியிருந்த அவருடைய மருமகள்.

"சர்க்கார் பிடுங்கிக்கிட்ட வீட்டுக்குள்ள உங்க பையன் கால் வைக்க முடியாதுன்னு நம்பித்தான் மாமா இங்க வந்தேன்."

கொசிமோ திரும்பி, வாசல் கதவை உள்ளேயிருந்து தாழிட்டார்.