எடிட்டருக்கு ஓர் இரங்கல்

“எடிட்டர் போயிட்டார் கவிஞரே.”

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வாக்கியம்தான். வாயை விட்டு வெளியே வந்ததும் அச்சாபீஸ்காரர் கவிஞரின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் கட்டிலின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாடி அறையில் அந்தக் கட்டிலை ஜன்னலோரமாகத் திருப்பிப் போடச் சொன்னது கவிஞர்தான். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே தெரிய வேண்டுமாம். போர்வைக்குள் ஆள் இருக்கிறாரா என்று சந்தேகம் வரும் அளவுக்கு இளைத்திருந்தார்.

“எப்போ?” என்றார் கடைசியில்.

“விடியக்காலைல. தூக்கத்துலயே.”

“முந்தாநாள்தானே கார்டு வந்துது. என் புதுக் கவிதை மூணாவது வரியில நொண்டுதுன்னு ஒரு பக்கம் திட்டியிருந்தான்.” கவிஞர் தலையணைக்கு அடியில் கையை விட்டு அஞ்சலட்டையை இழுத்தார். கூடவே அவருடைய பேனாவும் வந்தது. “நொண்டத்தான் செய்யுது. பதில் போடலாம்னு இருந்தேன். இனிமே எந்த விலாசத்துக்குப் போடறது?”

அச்சாபீஸ்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

ஒரே ஊரில் இருந்துகொண்டு ஒருவருக்கொருவர் கார்டு போட்டுக்கொள்ளும் கூட்டம் அது. நேரில் பார்த்தால் இலக்கியச் சண்டை வந்துவிடுகிறதென்று கவிஞர்தான் அந்த வழக்கத்தை ஆரம்பித்துவைத்தார். ஒரு காலத்தில் இந்த அறை கொள்ளாத கூட்டம். கடைசியில் மிஞ்சியது கவிஞர், எடிட்டர், அச்சாபீஸ்காரர் மூவர்தான்.

கூட்டத்தில் யார் போனாலும் கவிஞர் இரங்கல் கவிதை எழுதுவார். எடிட்டர் அதைத் தம் பத்திரிகையின் முதல் பக்கத்தில் போடுவார், அச்சாபீஸ்காரர் அடித்துக் கொடுப்பார். அந்தக் கவிதையை உடலுக்குப் பக்கத்தில் நின்று படிக்காமல் அவர்கள் ஒருவரையும் வழியனுப்பியதில்லை.

“நீங்கதான் எழுதித் தரணும்” என்றார் அச்சாபீஸ்காரர்.

“முடியாதுய்யா. பேனாவைப் பிடிச்சா கை தந்தி அடிக்குது.”

“நீங்க சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்.”

“நீயே எழுதேன். இத்தனை வருஷமா எங்க எழுத்தையெல்லாம் அச்சுக் கோத்தவன், நாலு வரி வராதா உனக்கு?”

“முயற்சி பண்ணாமலா வந்திருப்பேன்? குப்பைக்கூடைதான் நெறஞ்சுது. எதை எழுதினாலும் கடை திறப்பு விழா நோட்டீஸ் மாதிரியே வருது.” குரல் உடைந்தது. “எங்க யாராலயும் ஆகல. உங்களை விட்டா நாதியில்லை.”

கவிஞர் நிமிர்ந்து பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர், மகள் காபியோடு உள்ளே வரவும் நிறுத்திக்கொண்டார். அவள் கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. தம்ளர்களை வைத்துவிட்டு, “நீங்க ஆறறதுக்குள்ள குடிங்க மாமா” என்று சொல்லி, அப்பாவைப் பார்க்காமலே கீழே இறங்கிப் போனாள்.

“நேத்து டாக்டர் வந்துட்டுப் போனதுலேருந்து இவ இப்படித்தான்” என்றார் கவிஞர். “கேட்டா வெங்காயம் நறுக்கினேங்கறா. ஒரு வீட்டுக்கு எவ்வளவு வெங்காயம்தான் வேணும்?”

சிரிக்க வேண்டிய இடம். அச்சாபீஸ்காரருக்குச் சிரிப்பு வரவில்லை.

“சரி, எழுதிக்கோ. கடைசியில எப்படிப் படுத்திருந்தான்?”

அச்சாபீஸ்காரர் சட்டைப்பையில் காகிதத்தைத் தேடுகிற சாக்கில் கொஞ்ச நேரத்தைக் கடத்தினார். “ஜன்னலோரமா. தெருவைப் பாத்த மாதிரி. தலையணைக்கு அடியில பேனா இருந்துது.”

“பேனாவா? அவன் சிவப்புப் பென்சிலைத் தவிர எதையும் தொடமாட்டானே.”

“பேனாதான் கவிஞரே.”

கவிஞர் தலையைத் திருப்பி ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார். எதிர்ச் சாரியில் ஒரு மரம். நிழலுக்குள்ளேயே யாரோ குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், மூச்சு வாங்க வாங்க ஒவ்வொரு வரியாகச் சொன்னார்.

*பாதியில் நிற்கும் வரி ஒன்று*
*மூடாத பேனாவோடு காத்திருக்கிறது.*
*முடித்துக் கொடுக்க ஆளில்லை நண்பா,*
*நாங்கள் உன்னைப் படித்தவர்கள் மட்டும்தான்.*

அச்சாபீஸ்காரர் எழுதி முடித்தபோது காகிதத்தில் இரண்டு இடத்தில் மை கலைந்திருந்தது. குப்பைக்கூடை நிறைய எழுதிக் கிழித்தும் கிடைக்காதது இதுதான். வாய்விட்டுப் பாராட்டக்கூட முடியாத கவிதை.

“மேலே எடிட்டருக்குன்னு போட்டுட்டியா?”

“போட்டுட்டேன்.”

“படிச்சுக் காட்டு.”

“வேணாம் கவிஞரே. என்னால ஆகாது.”

“சரி, போ. நாலு பேர் முன்னால படிக்கும்போதாவது அழாமப் படி. வரி நொண்டும்.”

அச்சாபீஸ்காரர் காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்தார். போர்வையைக் கவிஞரின் கழுத்துவரை இழுத்துவிட்டார். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. அறை வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“யோவ், அச்சாபீஸ்.”

திரும்பினார். கவிஞர் இன்னும் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மரத்தடியில குடையோட நிக்கிறானே எடிட்டர், அவன் பேரை அடிச்சுட்டு என் பேரைப் போட்டுக்கச் சொல்லு.”