ஓசிக் காற்று

"ஏங்க, இன்னைக்கும் நம்ம வீட்டுலதான் இருக்காங்க, உங்க எதிர் வீட்டு அக்கா! ஜன்னல் வழியா பார்த்தேன். நம்ம ஃபேன் ஓடுது. போனுக்கு சார்ஜும் நம்ம வீட்டு பிளக்குலதான்!"

அரை நாள் லீவு போட்டு வந்த மருமகள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று புருஷனுக்குப் போன் போட்டாள்.

"விடேன். அவங்க கொஞ்சம் சிக்கனம்" என்றான் அவன்.

"இதுக்குப் பேரு சிக்கனமா? நான் இருக்கேனே, அது சிக்கனம்! பேப்பரை நிறுத்தினேன். பகல்ல மாமாவைப் பார்த்துக்க வந்த ஆயாவை நிறுத்தினேன். பஸ்ல தொங்கிட்டுப் போயிட்டு வரேன். அடுத்தவங்க வீட்டுல போய் ஒட்டிக்கிட்டேனா?"

"மெதுவாப் பேசு, கேட்கப் போகுது."

"கேட்கட்டும்!"

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. காலையில் அவள் ஆபீஸ் கிளம்பியதும், அக்கா தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு, காய்கறிக் கூடையோடு இங்கே வந்துவிடுவாள். கேட்டால், "ஒரு ஆளுக்காக அங்க ஒரு ஃபேன் ஓடணுமா? இங்கதான் மாமாவுக்காக எப்படியும் ஓடுதே" என்பாள். சாயந்தரம் மருமகள் வந்தபிறகுதான் கிளம்புவாள். ரெண்டு மாசமாக இதே கூத்து. 'ஓசி அக்கா' என்று பெயரே வைத்துவிட்டாள் மருமகள்.

உள்ளே போனால், ஹாலில் மாமனார் மட்டும் நாற்காலியில் இருந்தார். சமையலறையில் அடுப்பு எரியும் சத்தம்.

அடிப்பாவி, இப்போ கேஸுமா!

அக்கா இரண்டு டம்ளர் டீயோடு வெளியே வந்தாள். "வாம்மா! இன்னைக்கு சீக்கிரமே வந்துட்டியா? உனக்கும் ஒரு வாய் டீ போடவா?"

என் வீட்டில் எனக்கே உபசாரமா? மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றுதான் ஆரம்பித்தாள். தப்பாக நினைக்கிற மாதிரிதான் முடிந்தது. "உங்க வீட்டு பில்லு குறையறதுக்கு எங்க வீடுதான் கிடைச்சுதா? நானும் பார்க்கிறேன், பார்க்கிறேன், ஒரு அளவே இல்லையா? நாளையிலேருந்து மாமாவை உள்ள விட்டு, கதவை வெளியில பூட்டிட்டுத்தான் போகப் போறேன்!"

அக்காவின் முகம் சுண்டிப்போனது. டம்ளர்களை மேஜையில் வைத்தாள்.

"சரிம்மா, நான் வரலை. ஆனா வெளியில மட்டும் பூட்டாதே."

"என் வீட்டைப் பூட்ட உங்களைக் கேட்கணுமா?"

"அப்படிப் பூட்டறதா இருந்தா, சிலிண்டரை மூடிட்டுப் பூட்டு."

"என்னது?"

அக்கா கூடையை எடுத்தாள். மாமனார்தான் தட்டுத்தடுமாறி எழுந்தார்.

"அவளை ஏம்மா திட்டறே? தப்பு என்னோடது. நீ ஆயாவை நிறுத்தின அந்த வாரம், டீ வைக்கலாம்னு போனேன். கேஸைத் திறந்துட்டு, பத்த வைக்க மறந்து, வந்து படுத்துட்டேன். வாடை வந்து இவதான் ஓடி வந்தா. என்னை வெளியில இழுத்துப் போட்டதே இவதான். இப்பல்லாம் எனக்குப் பாதி விஷயம் ஞாபகத்துல நிக்கறதில்லை."

"ஐயோ! எங்ககிட்ட ஏன் மாமா சொல்லலை?"

"சொன்னா மறுபடி ஆள் போடணும். நீயே பஸ்ல தொங்கிட்டுப் போறே. சொல்லிடாதேன்னு இவ கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன். 'அப்படின்னா பகல்ல நான் வந்து உட்கார்ந்துக்கிறேன், கேட்டா கரன்ட் மிச்சம்னு சொல்லிக்கிறேன்'னா."



"அந்தப் போனை எடுத்துக் குடும்மா, நான் கிளம்பறேன்" என்றாள் அக்கா, சாதாரணமாக.

"போகாதீங்கக்கா" என்று முணுமுணுத்தபடியே போனை எடுக்கப் போனாள் மருமகள்.

சார்ஜர் பிளக்கில் சொருகித்தான் இருந்தது. சுவிட்சைப் போடவே இல்லை.