கெட்ட சகவாசம்

"உங்க மகனோட சேர்ந்து என் பசங்க நாலு பேரும் உருப்படாமப் போயிட்டாங்கம்மா."

வாசலில் நின்ற ஆசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டான். மெக்கானிக்கின் தாய்க்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

"என்ன பண்ணித் தொலைச்சான் தம்பி?"

"பைக் ரிப்பேருக்குப் போனவங்களைச் 'சாப்டியா'ன்னு கேட்டிருக்கான். அவ்வளவுதான், இப்ப பட்டறையே கதின்னு ஸ்பேனரும் கையுமா நிக்கிறானுங்க. நான் கூப்பிட்டா வர்றதில்லை."

"வேலை கத்துக்கிறது நல்லதுதானே?"

"வீட்ல ஒரு வார்த்தை கேக்க ஆளில்லாமத்தாம்மா எங்கிட்ட வந்து சேர்ந்தானுங்க. இனிமே நான் யாரை வச்சு வெட்டுறது, யாரை வச்சுக் குத்துறது?"

அப்போதுதான் அவன் இடுப்பிலிருந்த கத்தியை அவள் பார்த்தாள்.

"அது கிடக்கட்டும். நீ சாப்டியா?"

தாதா தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, கத்தியைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தான்.